விஜயதசமிக்கு மறுநாள் பதினேழு அழைப்புகள்

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. காலை ஆறே காலிலிருந்து எட்டு மணிக்குள் செந்தமிழ்ச்செல்வியின் கைபேசி பதினேழு தடவை அடித்தது. மற்ற நாட்களில் இரண்டோ மூன்றோ அழைப்பு வந்தாலே அதிகம். ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து ஆலைகளும் கடைகளும் திறக்கிற அந்த ஒரு நாள் மட்டும் இப்படித்தான். அது அவளுக்குத் தெரியும். அதனால் ஆறு மணிக்கே டீ குடித்து, சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

செல்விக்கு வயது முப்பத்தெட்டு. ஊர் வடக்கனந்தல். பழைய கருவிகளைப் புதிய கம்ப்யூட்டரோடு பேச வைப்பது தொழில். லாரி ஏறி நிற்கிற எடை மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பக்கத்து அறையில் இண்டிகேட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சிவப்பு எண்களில் எடை ஓடும். பெட்டியின் முதுகில் ஒன்பது பின் கொண்ட ஒரு முனை. பழைய கம்ப்யூட்டர்களில் அதற்கு ஜோடி இருந்தது. இப்போது விற்கிறவற்றில் இல்லை. ஆகவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கன்வெர்ட்டரை நடுவில் மாட்டுகிறார்கள். அதன் ஒரு பக்கம் ஒன்பது பின், மறுபக்கம் யூஎஸ்பி. இருபது வருடப் பெட்டி, போன வருடக் கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவில் இந்தக் குச்சி. தகராறு வந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும்.

பூஜைக்கு மறுநாள் ஏன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது? பூஜையன்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைக்கிறார்கள். பிறகு திரும்ப மாட்டும்போது, குச்சியை எந்த ஓட்டையிலிருந்து உருவினோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

ரிஷிவந்தியம் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து சிவசங்கர் கூப்பிட்டான்.

"அக்கா, மிசினு செத்துப்போச்சுக்கா."

"அதெல்லாம் சாவாது. பூஜைக்குப் புடுங்கினீங்களா?"

"தொடச்சோம்."

"புடுங்கினீங்களா, இல்லியா?"

"புடுங்காம எப்பிடிக்கா தொடைக்கிறது?"

"மொதல்ல எந்த ஓட்டையில இருந்துச்சு?"

"அது இன்னாக்கா, எல்லா ஓட்டையும் ஒண்ணுதானே?"

"உன் வூட்டுக் கதவும் பக்கத்து வூட்டுக் கதவும்கூட ஒரே மாதிரிதான் இருக்குது. பக்கத்து வூட்ல போய் ஒக்காந்தா சோறு போடுவாங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு எண் கொடுத்திருக்கும். எடைச் சீட்டு அச்சடிக்கிற மென்பொருள் மூன்றாம் எண் வாசலைப் பார்த்தபடி காத்திருக்க, எடை ஏழாம் எண் வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு ஓட்டையாக மாற்றிக் குத்தச் சொன்னாள். மூன்றாவதாகக் குத்திய ஓட்டையில் எடை வந்துவிட்டது. பதினேழில் பதினான்கு இப்படியே போனிலேயே முடிந்தன. இரண்டு இடங்களில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு குச்சியை ஏற்க மறுத்தது. குச்சியைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுகிற சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர்; அதில் பழையதை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

பதினேழாவது அழைப்பு ஆயம்மாளுடையது.

வெள்ளிமலையைத் தாண்டி ஆலம்பாறையில் மரவள்ளி போடும் நாற்பத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கின்றன. ஆயம்மாள் அதன் தலைவி. இத்தனை வருடமும் அவர்கள் கிழங்கு மலையை விட்டு இறங்கி, யாரோ ஒருவருடைய மேடையில் ஏறும்; அங்கே சொன்ன எடையே எடை. மூடப்பட்ட ஒரு ஆலையிலிருந்து எடை மேடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்த ஆகஸ்ட்டில் மலைமேலேயே போட்டார்கள். பெட்டி பழசு. புதுசு வாங்கலாம் என்று குழுவில் பாதிப்பேர் சொன்னபோது, "இந்தப் பழசு நல்லா ஓடும், நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தவள் செல்வி.

அன்று முதல் லாரி. ஜவ்வரிசி ஆலையின் கொள்முதல் ஆள் தீனதயாளன் ஒரு தடவை பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். வெறும் லாரிக்கு ஒரு சீட்டு, கிழங்கு ஏற்றிய லாரிக்கு ஒரு சீட்டு, இரண்டும் கம்ப்யூட்டரில் அச்சாகி வரவேண்டும். கையால் எழுதினது செல்லாது. மலையில் போட்ட எடையும் ஆலையில் போடும் எடையும் ஐம்பது கிலோவுக்குள் ஒத்துப்போனால் இனி மலைச் சீட்டே போதும். சீட்டு வராவிட்டால் லாரி வெறுமனே இறங்கும். குழு மறுபடியும் கீழே உள்ள மேடைக்குத்தான் போகவேண்டும்.

"கெழங்கெல்லாம் விடியக்காலையே புடுங்கிக் குமிச்சாச்சு செல்வி. பதினோரு மணிக்கு லாரி வருது. பொட்டியில நம்பரு ஓடுது, கம்ப்யூட்டர்ல ஒண்ணியும் காணோம்."

"சிவப்புக்குச் சிவப்புதானே குத்தியிருக்கீங்க?"

தன் வாடிக்கையாளர்களில் சொன்னதைக் கேட்பவர்களுக்கு மட்டும் செல்வி இதைச் செய்து கொடுப்பாள். சரியான ஓட்டைக்குப் பக்கத்திலும் குச்சியின் முதுகிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. ஆலம்பாறையில் அது இருந்தது.

அங்கே சிக்னல் தண்ணீர்த் தொட்டியடியில்தான் கிடைக்கும். எடை அறை எண்பது தப்படி தள்ளி. போன் ஆயம்மாளின் காதில்; கம்ப்யூட்டர் முன்னால் வீரமணி. வீரமணி இருபது வருடம் லாரி ஓட்டி, முதுகு போனதால் கம்ப்யூட்டருக்கு வந்தவர்.

"வீரமணீ! சிவப்புக்குச் சிவப்பான்னு கேக்குது!"

"ஆமாங்கறேன்! நான் இன்னா கலர் தெரியாதவனா? சிக்னல்ல நின்னவன்டீ நானு!"

"கலர் தெரியுமாம்," என்றார் ஆயம்மாள் போனில்.

"மஞ்சள் முக்கோணம் எதுனா காட்டுதான்னு கேளுக்கா."

கேட்டார். இல்லையாம். டிரைவர் கெட்டால்தான் திரையில் அந்த முக்கோணம் வரும். ஆக, வாசல் எண் மாறவில்லை, டிரைவரும் பழுதில்லை. போனில் செய்ய இனி ஒன்றுமில்லை. செல்வி மணி பார்த்தாள். எட்டு ஐந்து.

"நான் வர்றேன்க்கா. வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

"வீரமணீ! எதையும் தொடாதியாம்!"

"நான் எங்க தொட்டேன்? அதான் என்னைத் தொடமாட்டேங்குது!"

*

பையில் எப்போதும் இருப்பவை: மூன்று கன்வெர்ட்டர்கள், இரண்டு கேபிள், ஒரு பழைய லேப்டாப், ஸ்பிரிட் பாட்டில், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், காலி பேனா ரீஃபில்கள். வளையலில் நாலைந்து ஊக்கு. மொபெட்டை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினாள். வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கியது. முந்தின வாரத்து மழையில் பாறையிலிருந்து தண்ணீர் இறங்கி ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது.

எண்களோடு அவளுக்குப் பழக்கம் வந்தது ஒரு அவமானத்தில். அப்பா அம்மா இருவரும் காட்டு வேலைக்குக் கூலி போனவர்கள். பன்னிரண்டாவது முடித்துத் தட்டச்சு படித்தவளுக்கு 2009-இல், இருபத்திரண்டு வயதில், ஒரு தனியார் எடை மேடையில் சீட்டுப் போடும் வேலை கிடைத்தது. ஒருநாள் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்து கன்வெர்ட்டரோடு மாட்டினார். காலையில் வந்ததெல்லாம் சின்ன வண்டிகள், எதுவும் பத்து டன் தாண்டவில்லை. பகலில் மணலூர்பேட்டை விவசாயி ஒருவர் கரும்பு லாரியோடு வந்தார். வெளியே சிவப்பு எண் 18,460 என்றது. அவள் கொடுத்த சீட்டு 8,460 என்றது.

"ஏம்மா, பத்து டன் கரும்ப நீயே மென்னு துப்பிட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நீதான் எதையோ அமுக்கித் தொலச்சிருக்கே" என்றார் எல்லோர் முன்னாலும்.

அவள் அடுத்த லாரியை நிறுத்திவைத்துவிட்டு, பெட்டி அனுப்புகிற எழுத்துகளைத் திரையில் அப்படியே வரவழைக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். வந்ததைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாய் எண்ணினாள். எடை நான்காவது எழுத்தில் தொடங்கியது. மென்பொருள் ஐந்தாவதிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. முதல் இலக்கம் ஒவ்வொரு தடவையும் வெளியே விழுந்தது. ஐந்தை நான்காக மாற்றினாள். 18,460 வந்தது. விவசாயி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மென்னதை ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்ட" என்று சொல்லி லாரியிலிருந்து ஒரு கரும்பை உருவிக் கொடுத்தார். மாதம் முடிவதற்குள் பக்கத்து மேடைக்காரர் அவளைத் தேடி வந்தார். அதற்கப்புறம் வரிசையாக வந்தார்கள். இன்று கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அவளுடைய நகப்பூச்சுப் புள்ளி இருக்கிறது.

*

ஆலம்பாறைக்கு வந்து சேரும்போது பத்தேகால். எடை அறைக்கு வெளியே கிழங்குக் குவியல்கள். பிடுங்கின கிழங்கு இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் உள்ளே நீலம் ஓடிக் கறுத்துவிடும். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மொபெட் நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள்.

அறைக்குள் கம்ப்யூட்டர், பிரிண்டர், பெட்டி, மின்விசிறி, வாசற்படி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. வீரமணியின் நெற்றியிலும்.

"வாம்மா. நீ சொன்ன மாதிரி எதையும் தொடல. மூச்சுகூட மெதுவாத்தான் வுட்டுக்கினு இருக்கேன்."

செல்வி முதலில் குச்சியிலிருந்து கேபிளைக் கழற்றினாள். வளையலில் இருந்து ஒரு ஊக்கை எடுத்து, குச்சியின் ஒன்பது பின்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத் தொடும்படி பிடித்தாள். ஒன்று கேட்கும் பின், ஒன்று சொல்லும் பின். இரண்டையும் இணைத்துவிட்டால் கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் அதன் காதிலேயே திரும்பி விழவேண்டும். இடதுகை ஊக்கில் இருக்க, வலதுகையால் தன் மகள் பெயரை ஆங்கிலத்தில் தட்டினாள். தேவதர்ஷினி. திரையில் தேவதர்ஷினி திரும்பி வந்தது.

"யாரு அது?" என்றார் வீரமணி.

"எம் பொண்ணு. இது வரைக்கும் நல்லா இருக்குது. கம்ப்யூட்டர் நல்லது, குச்சி நல்லது."

"அப்ப?"

"அதுக்கு அப்பால."

கேபிளைத் திரும்ப மாட்டினாள். அது சுவரோரமாக ஓடி, மேசைக்குப் பின்னால் இறங்கி, பெட்டியின் முதுகுக்குப் போகிறது. பெட்டிப் பக்கம் இரண்டு சிறு திருகுகளைத் தளர்த்தி முனையை உருவினாள். இந்த முனையில் பின் இல்லை, ஒன்பது துளைகள். அவற்றிலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைக்கவேண்டும். ஒரு மெல்லிய கம்பியை வளைத்து நுழைத்தாள்.

உள்ளே போகவில்லை.

மறுபடி அழுத்தினாள். கம்பி வளைந்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது துளைகளில் ஏழு, காய்ந்த சந்தனத்தால் சுவர் பூசினதுபோல அடைபட்டிருந்தன. நடுவில் நேர்த்தியாக ஒரு குங்குமப் பொட்டு.

"யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

ஆயம்மாள் முன்னால் வந்தார்.

"நான்தான். வெச்சா இன்னா? ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் வெச்சேன்."

"இதுக்குள்ளதானேக்கா பேச்சு போவுது."

"அது எனக்கு இன்னா தெரியும்? மூஞ்சி மாதிரி இருந்துச்சு, வெச்சேன். நீதானே சொன்ன, பூஜைக்குத் தொடைக்கும்போது தண்ணி பட்டுடும், அந்த ஒயரைப் புடுங்கிட்டுத் தொடைங்கன்னு? நீ சொல்லலேன்னா அது பாட்டுக்குப் பொட்டியிலியே இருந்திருக்கும். நான் அது மூஞ்சியையே பாத்திருக்க மாட்டேன்."

ஆயம்மாள் சொன்னது உண்மை. ஆகஸ்ட்டில் இதே அறையில் நின்று, விரலை ஆட்டி ஆட்டி செல்விதான் சொன்னாள். இவர்கள் சொன்னதைக் கேட்கிறவர்கள்.

"ஆமாக்கா. தப்பு எம்மேலதான்."

"அப்பிடிச் சொல்லு. இப்ப எடுப்பியா?"

"எடுக்கறேன்."

வாசற்படியில் உட்கார்ந்தாள். ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, ஊக்கின் முனையால் ஒவ்வொரு துளையாகச் சுரண்டினாள். நல்ல சந்தனம், கெட்டியாக அரைத்தது. தூளாக உதிராமல் ஓடு ஓடாக வந்தது. ஒவ்வொரு துளை முடிந்ததும் பிரஷால் தட்டி, வாயால் ஊதினாள். கிழங்குக் குவியல்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். வாசம் எல்லோருக்கும் அடித்தது.

"பல் டாக்டரு மாதிரி இருக்குது," என்றது ஒரு குரல்.

"எனக்கு இவ்ளோ பொறுமையா எந்த டாக்டரும் பாத்ததில்ல," என்றார் வீரமணி.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி வந்தது. தீனதயாளன் முன்சீட்டிலிருந்து இறங்கினார். சட்டைப்பையில் பேனா, கையில் தாள் செருகிய அட்டை. கூட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தின் நடுவில் ஊக்கோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

"இன்னாங்க, ரெடியா?"

"பத்து நிமிசங்க," என்றார் ஆயம்மாள்.

"பன்னண்டு வரைக்கும் பாக்கறேன். லோடு ஏத்த மூணு மணி நேரம். இருட்டறதுக்குள்ள வளைவெல்லாம் எறங்கணும். அதுக்குமேல நின்னா எனக்குக் கட்டாது."

துளைகள் ஒன்பதும் திறந்தன. கம்பியை வளைத்து நுழைத்து மகள் பெயரைத் தட்டினாள். தேவதர்ஷினி கேபிள் முழுக்கப் போய்த் திரும்பினாள். ஆனால் முனையைப் பெட்டியில் மாட்டியபோது திரை வெறுமனே இருந்தது.

செல்வி டார்ச்சைப் பெட்டியின் முதுகில் அடித்தாள். இரண்டாவது பின், எடை வெளியே வருகிற பின், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அடைபட்ட துளையில் வலிந்து குத்தியிருக்கிறார்கள்.

"வீரமணியண்ணே, மாட்டும்போது டைட்டா இருந்துச்சா?"

"இருந்துச்சு. லாரி கியரு மாதிரி நெனச்சு ஒரு தள்ளு தள்ளிட்டேன்."

சாய்ந்த பின்னை இடுக்கியால் பிடித்து நிமிர்த்தினால் ஒடியும். ஒடிந்தால் பெட்டியைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பவேண்டும்; ஒரு வாரம் ஆகும். பையிலிருந்து காலி ரீஃபில் ஒன்றை எடுத்து, முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் குழாயைப் பின்மேல் சட்டை மாட்டுவதுபோல மாட்டினாள். ஒரு மயிரிழை நிமிர்த்தினாள். நிறுத்தினாள். இன்னொரு மயிரிழை. யாரோ இருமினார்கள், ஆயம்மாள் திரும்பி முறைத்தார். தீனதயாளன் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"ரீஃபிலா அது?"

"ஆமாங்க."

"எங்கிட்ட புதுசு இருக்குது, வேணுமா?"

"காலிதாங்க வேணும். நீங்க நல்லா எழுதித் தீத்துட்டு அனுப்புங்க."

பின் நிமிர்ந்தது. முனையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, தள்ளாமல், வைப்பதுபோல வைத்தாள். திருகுகளை விரலால் முடுக்கினாள்.

திரையில் ஒரு பூஜ்யம் வந்தது. மேடையில் யாரும் இல்லை, ஆகவே பூஜ்யம். வீரமணி வெளியே ஓடிப்போய் மேடையில் ஏறி நின்றார். பெட்டியில் எண்பது. கம்ப்யூட்டரிலும் எண்பது.

"எண்பதா?" என்று அங்கிருந்தே கத்தினார். "பொங்கலுக்கு எழுபத்தஞ்சுதான் இருந்தேன்!"

"நேத்து தின்ன சுண்டலு எங்க போவும்?" என்றார் ஆயம்மாள்.

லாரி ஏறியது. 6,240. பிரிண்டர் கரகரத்துச் சீட்டைத் தள்ளியது. மணி பதினொன்று முப்பத்தைந்து. தீனதயாளன் வெளியே ஓடுகிற சிவப்பு எண்ணையும் சீட்டையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, "ஏத்துங்க" என்றார். அதற்குள் பாதிக் கூடைகள் நகர்ந்திருந்தன.

லோடு ஏறும் நேரத்தில் செல்வி சும்மா இருக்கவில்லை. பையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்துக் கேபிளில் நூலால் கட்டினாள். முனையை எப்போது கழற்றினாலும் இந்த மூடியைப் போடவேண்டும் என்று வீரமணிக்கு இரண்டு தடவை செய்து காட்டினாள். மூன்றாம் தடவை அவரையே செய்யச் சொன்னாள்.

"அப்ப சாமிக்கு எங்கதான் பொட்டு வெக்கிறது?" ஆயம்மாளுக்கு அது இன்னும் தீரவில்லை.

செல்வி இண்டிகேட்டரின் மேல்தகட்டைத் தட்டிக் காட்டினாள். "இவ்ளோ அகலமா நெத்தி இருக்குது. எவ்ளோ வேணா வெச்சுக்கக்கா."

ஆயம்மாள் நெற்றியை அளப்பதுபோலப் பார்த்தார். "அதுவும் சரிதான்."

இரண்டே முக்காலுக்கு லோடு லாரி மேடையில் ஏறியது. 15,870. கிழங்கு மட்டும் 9,630 கிலோ. வளைவுகளில் வெளிச்சம் இருக்கும்போதே லாரி இறங்கிப் போனது. அதன் பின்னாலேயே செல்வியும் இறங்கினாள், முழுத் தூரமும் கிழங்கு மண் வாசனையில்.

ஆலை எடை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஆயம்மாள் தொட்டியடியிலிருந்து கூப்பிட்டார். எண்பது தப்படி தள்ளி இருந்த வீரமணிக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். 9,610. வித்தியாசம் இருபது கிலோ.

"இருபது கிலோ கம்மியா இருக்குதே, எதுனா தப்பா?"

"வழியில ஒட்டிக்கினு இருந்த மண்ணு உதிர்ந்திருக்கும்க்கா. தப்பே இல்ல."

"அந்தாளு சொல்லிட்டாரு. இனிமே நம்ம சீட்டுதானாம்."

செல்வி தன் நோட்டில் ஆலம்பாறைக்கு நேராக "மூடி" என்று எழுதினாள். பிறகு கள்ளக்குறிச்சி எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போன் போட்டு, அதேபோல் நாற்பது மூடி வேண்டும் என்று சொன்னாள்.

ஆலம்பாறைக்கு அடுத்த லாரி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறது.